நாற்பத்தெட்டு பீங்கான் வில்லைகள்

நான் நல்லவள் இல்லை. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது திருந்திவிடுவேன் என்று காத்திருந்து யாரும் ஏமாற வேண்டாம். எழுபதுகள் தொடங்கிய நேரத்தில், விருத்தாசலத்தில் உட்கார்ந்துகொண்டு ஜப்பான் எழுத்தை டைப் அடித்தவள் நான். ரயிலில், கல்யாணப் பந்தியில், டாக்டர் வீட்டு பெஞ்சில் என்று எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாம் வாயைப் பிளப்பார்கள். தமிழ் தெரிந்தால் போதும், ஜப்பான் பாஷையை அடிக்கலாம் என்று நீங்களே கண்டுபிடித்தீர்களா என்பார்கள். ஆமாம் என்று தலையாட்டுவேன். அந்த ஆமாமில் பாதிக்கு மேல் பொய்.

அது தனியார் பீங்கான் தொழிற்சாலை. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. கப்பு, சாஸர், கரண்டுக் கம்பத்து வெள்ளைக் குமிழ் எல்லாம் செய்தார்கள். உள்ளே வேலை பார்த்தவர்களைத் தெருவில் பார்த்தாலே தெரியும், புருவம் வரைக்கும் வெள்ளை மண் படிந்திருக்கும். ஆபீஸில் இருந்த எங்களுக்குக் கொஞ்சம் குறைவாகப் படியும், அதனால் கொஞ்சம் அதிகமாக அலட்டிக்கொள்வோம். நான் அங்கே டெம்பரரி டைப்பிஸ்ட். தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ். அப்பா ஜங்ஷனில் வேகன் லோடு ஏற்றுகிறவர். பாலக்கரைக்குப் பின்னால் ஒரே அறையில் நாங்கள் ஏழு பேர். ராத்திரி யாராவது புரண்டு படுத்தால் மீதி ஆறு பேரும் புரள வேண்டும்.

பெர்மனன்ட் ஆனவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு. சூளைக்குப் பின்புறம் ஆறு வீடுகள் வரிசையாக இருந்தன. இரண்டு அறை, தனிச் சமையல்கட்டு, உள்ளேயே குழாய். அதில் ஒன்று எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு வேண்டுதலே கிடையாது. பெரிய கோயிலில் பிள்ளையார் முன்னால் நின்றாலும் அதைத்தான் கேட்பேன்.

புதுச் சூளை கட்ட ஒரு ஜப்பான்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். அரைகுறை இங்கிலீஷ் பேசுவார், சிரிக்க மாட்டார். பெட்டியோடு ஒரு டைப்ரைட்டரும் கொண்டுவந்திருந்தார். அது முழுக்க அவர் ஊர் எழுத்து. வாராவாரம் அவருடைய கம்பெனிக்கு டைப் அடித்த ரிப்போர்ட் போக வேண்டுமாம். அவருக்கோ டைப் வராது. அவர் ஊரில் அதற்கென்று பெண்கள் இருந்தார்கள் போல. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ அடிச்சுக் குடும்மா."

"எனக்கு ஜப்பான் தெரியாதுங்க சார்."

"எனக்கு மட்டும் தெரியுமா? நான் மேனேஜரா இல்லையா? போம்மா."

ஜப்பான்காரர் கையால் எழுதிக்கொடுப்பார். நான் தாளில் இருக்கிற உருவத்தைப் பார்த்து, அதே உருவம் எந்தக் கீயில் இருக்கிறது என்று தேடி அடிக்க வேண்டும். பலகையில் நாற்பத்தாறு எழுத்து, எழுத்தின் சத்தத்தை மாற்ற அதன் பக்கத்தில் போடுகிற இரண்டு குறி. ஓர் எழுத்தில் இரண்டு சின்னக் கோடு நின்றுகொண்டிருக்கும், இன்னோர் எழுத்தில் அதே கோடு படுத்திருக்கும், மற்றபடி இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். முதல் பக்கத்தை முடிக்க ஒரு முழு நாள் ஆனது. ஜப்பான்காரர் அதை மேலிருந்து கீழ் வரை படித்தார். திட்டவில்லை. நாலாக மடித்தார், மூலையில் கழிவு மண்ணுக்கு வைத்திருந்த வாளியில் போட்டார், தான் எழுதின தாளை மறுபடி என் முன்னால் வைத்தார். பத்து நாள் இப்படியே நடந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட என்னை ஒரு மனுஷியாக மதித்த மாதிரி இருந்திருக்கும்.

எங்கள் ஹெட் கிளார்க் வெற்றிலை மெல்லாத நேரத்தில் யாரையாவது மென்றுகொண்டிருப்பார். "வாளி ரொம்புது போலிருக்கே. அந்தக் காகிதத்தையும் சேத்து அரைச்சா ஜப்பான் கப்பு செய்யலாம்" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவனும் சிரித்தான்.

பதினோராம் நாள் எனக்கு வெறி பிடித்துவிட்டது. ஜப்பான்காரரிடம் போய், ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, சத்தமாகச் சொல்லச் சொல்லி ஜாடை காட்டினேன். அவர் தன் ஊர் வரிசைப்படி சொன்னார். அ, இ, உ, எ, ஒ. பிறகு க, கி, கு, கெ, கொ. பிறகு ச வரிசை, த வரிசை, ந வரிசை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவி மனுஷா, இது எங்கள் அரிச்சுவடி ஆயிற்றே! நெடிலைக் கழித்துவிட்டால் ஒன்றாம் வகுப்புப் பையன் பாடுகிற வரிசை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கீயின் மேல் தமிழ் எழுத்தை ஒட்டிவிட்டால், அவர் எழுதிக்கொடுக்கவே வேண்டாம். வாயால் சொல்லட்டும், நான் காதால் கேட்டு, தமிழ் எழுத்தைப் பார்த்து அடிப்பேன், தாளில் ஜப்பான் எழுத்து விழும். அந்த எழுத்தின் உருவம் எனக்குத் தெரியவே வேண்டியதில்லை. இந்த யோசனை என்னுடையது. இதில் பொய் இல்லை, இது வரைக்கும் சத்தியம் செய்வேன்.

முதலில் காகிதத் துண்டுகளைப் பசை வைத்து ஒட்டினேன். வைகாசி மாதத்து வியர்வைக்கு அதெல்லாம் தாங்குமா? ஒருநாள் சாயங்காலம் என் ஆள்காட்டி விரலில் 'நொ' ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தது. பீங்கான் ஊரில் இருந்துகொண்டு காகிதத்தோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்று தோன்றியது. மெல்லிய பீங்கான் வில்லையில் எழுத்தைச் சுட்டு, அரக்கு வைத்து ஒட்டிவிட்டால் ஆயுசுக்கும் போகாது. கீயை அளந்து, இந்த அளவுக்கு நாற்பத்தெட்டு வில்லை வேண்டும் என்று அச்சுப் பிரிவில் எழுதிக்கொடுத்தேன்.

அங்கே இருந்தவர்கள் அளவைப் பார்த்தார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், சரிம்மா என்றார்கள். வில்லைகள் சூளையிலிருந்து வந்தன. கீயின் மேல் வைத்தால் சுற்றிலும் இடம் விட்டு, குழந்தை நகம் மாதிரி நடுவில் கிடந்தது. பச்சை மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். அந்த ஊரில் ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரிந்த விஷயம், எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. தெரிந்தே செய்து அனுப்பியிருந்தார்கள், தமாஷ் பார்க்க. ஹெட் கிளார்க் ஒரு வில்லையை எடுத்து நெற்றியில் வைத்துக் காட்டி, "எலிக்குப் பொட்டும்மா இது" என்றார். ஒரு வாரத்துக்கு எனக்கு ஆபீஸில் எலிப்பொட்டு என்றே பெயர்.

அந்த வாரத்தில்தான் அவள் வந்தாள். கப்பில் பூ வரைகிற பிரிவில் பதினோரு பெண்கள் இருந்தார்கள், அவர்களில் ஒருத்தி. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். இரண்டாம் வகுப்பு படிக்கிற மகளோடு அண்ணன் வீட்டில், மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒரு மூலையில் இருந்தாள். அண்ணி தட்டில் சோறு போடும்போது கரண்டியைத் தட்டுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு என்ன கோபம் என்று சொல்லிவிடுவேன் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். தமிழ் டைப்பில் ஹையர் பாஸ் செய்திருந்தாள். ஆனால் ஆபீஸுக்குள் அவளை யாரும் கூப்பிடவில்லை.

"எட்டுல ஒரு பங்கு கூட வெட்டணும்" என்றாள், வில்லையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி. "நான் பண்ணித் தரேன், வுடு."

செய்தாள். சாப்பாட்டு நேரத்தில் வந்து கீயை அளப்பாள். மூன்று மயிர் தூரிகையால் எழுத்துப் போடுவாள், கொம்பும் சுழியும் பிசிறில்லாமல் நிற்கும். சுட்டு வந்தபிறகு ஒவ்வொரு வில்லையையும் கல்லில் தேய்த்து, அதனதன் கீயில் வைத்துப் பார்த்து, மறுபடி தேய்ப்பாள்.

"எதுக்குக்கா ஒவ்வொண்ணா தேய்க்கிறீங்க? எல்லாம் ஒரே அச்சுதானே?"

"அச்சு ஒண்ணுதான். சூளையில ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி சுருங்கும். அதது எடத்துலதான் அதது ஒக்காரும். மாத்தி வச்சா ஆடும்."

இன்னொன்றும் அவள்தான் செய்தாள். தமிழ் மெஷினில் புள்ளியையோ சுழியையோ முதலில் அடிக்க வேண்டும். அதை அடித்தால் தாள் நகராமல் அதே இடத்தில் நிற்கும், பிறகு எழுத்தை அடித்தால் அதன் அடியில் வந்து உட்காரும். தமிழ் படித்த விரலுக்கு அதுதான் பழக்கம். ஜப்பான் மெஷினில் நேர்மாறு. எழுத்தை முதலில் அடித்து, பிறகுதான் குறியைப் போட வேண்டும். என் விரல் கேட்டால்தானே? குறியை முன்னால் அடித்து, அது முந்தின எழுத்தின் வாலில் போய் ஒட்டி, பக்கம் பக்கமாக வாளிக்குப் போனது. அக்கா கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டு குறி வில்லைக்கு மட்டும் பளபளப்பு போடாம வுட்டுடலாம். வெரலு சொரசொரன்னு பட்டா, நின்னு யோசிக்கும்" என்றாள்.

அப்படியே செய்தோம். சுட்டு ஒட்டின மறுநாளே என் விரல் நின்றது. அந்தப் பக்கம் வாளிக்குப் போகவில்லை. இதற்கெல்லாம் எங்கேயாவது காலேஜில் பாடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை, ஒரு பெண் தப்புச் செய்கிற கையைப் பத்து நிமிஷம் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஜப்பான்காரர் வாயால் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அரை மணி நேரத்தில் ஒரு பக்கம். அவர் படித்துவிட்டு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். மேனேஜரைக் கூட்டிவந்து காட்டினார். மேனேஜர் வில்லைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு பண்ணது இது?" என்றார்.

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் நீலச் சாயம்கூடக் காயவில்லை.

"நான்தான் சார்" என்றேன். "அக்கா பெயிண்ட் அடிச்சுக் குடுத்தாங்க."

வாய் தவறி வந்ததல்ல. யோசித்துத்தான் சொன்னேன். எலிப்பொட்டு என்று சிரித்த ஹெட் கிளார்க்கும் பக்கத்தில் நின்றார். அவர் முகம் மாறுவதை நான் தனியாக அனுபவிக்க வேண்டும், பங்கு போட மனசில்லை. ஜப்பான்காரர் தன் கம்பெனிக்கு எழுதினார். இரண்டு மாதம் கழித்து என் பெயருக்கு ஒரு காகித விசிறி வந்தது. அன்று சாயங்காலம் அக்கா, "பெயிண்டா?" என்று மெதுவாகக் கேட்டாள். "அதுக்கென்னக்கா, அவங்களுக்கெல்லாம் வெளக்கிக்கிட்டா இருக்க முடியும்?" என்றேன். அவள் தூரிகையைக் கழுவப் போய்விட்டாள்.

இருந்தும் சாப்பாட்டு நேரத்தில் வருவதை அவள் நிறுத்தவில்லை. அந்த மெஷினில் உட்கார்ந்து பழகுவாள், ஜப்பான்காரர் சொன்னதில் நான் தமிழில் குறித்துவைத்திருந்ததைப் படிப்பேன். அவள் கீயைப் பார்த்துத்தான் அடிப்பாள், ஆனால் பூப் போட்ட கை, நடுங்காது. இடையிடையே குவார்ட்டர்ஸைப் பற்றிப் பேசுவாள். ஐந்தாவது வீடு காலியாக இருக்கிறதாம். போகும்போது வரும்போது கம்பி வழியாக எட்டிப் பார்ப்பாளாம்.

"சமையல்கட்டு ஜன்னலு மட்டும் எறுகிப்போயி கெடக்குது. அதத் தொறந்துட்டா போதும், பொகையெல்லாம் போயிடும். அதுக்குக் கீழ எம் பொண்ணு குந்திக்கிட்டுப் படிக்கும்."

நான் சிரித்துக்கொள்வேன். பூப் போடுகிறவளுக்குக் குவார்ட்டர்ஸாம்.

பிறகு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டினார்கள். வெளிநாட்டுக் கடிதங்களுக்கு ஒரு டைப்பிஸ்ட், பெர்மனன்ட், குவார்ட்டர்ஸ் உண்டு. தமிழ் ஹையர் பாஸ் செய்த யாரும் எழுதிப்போடலாம், ஜப்பான்காரர் சொல்லி அடிக்கவைத்துப் பார்ப்பார். எனக்காகவே ஒட்டின தாள் என்று நினைத்து அம்மாவிடம் போய்ப் பாத்திரத்தைக் கட்டிவைக்கச் சொல்லிவிட்டேன். மறுநாள் ஹெட் கிளார்க் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து, "ரெண்டு பேரு போட்டிருக்கீங்கம்மா" என்றார்.

நேராக அவளிடம் போனேன். "நீங்க எதுக்குக்கா போட்டீங்க? அது என் வேலை."

"பரிச்சைதானே. யாரு நல்லா அடிக்கிறாங்களோ அவங்களுக்கு."

"ஒங்களுக்கு மெஷின் சொல்லிக்குடுத்ததே நான்."

"ஆமா" என்றாள். "வில்லை பண்ணிக்குடுத்தது நான்."

அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான். கேட்க என்னைத் தவிர யாரும் இல்லை. அவள் சொன்ன விதத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்கு உச்சி வரைக்கும் ஏறியது. ஒரு வாரமாக அவள் அடித்த பக்கங்களை நான் பார்த்திருந்தேன். ஜப்பான்காரர் தெரியாமல் அதில் ஒன்றை என்னுடையது என்று நினைத்து வாங்கிப் படித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று என்னிடம் சொன்னார். என் பக்கத்தைப் பற்றி அவர் அப்படிச் சொன்னதே கிடையாது.

நான் யோசித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. நான் மூன்று மாதமாக அதே மெஷினில் குந்தியிருந்தவள். இப்போதெல்லாம் கீயைப் பார்ப்பதே இல்லை, விரலுக்கு இடம் மனப்பாடம். வில்லையை மொத்தமாகப் பிடுங்கிவிட்டாலும் அடிப்பேன். அவள் கண்ணால் அடிப்பவள். எழுத்து எங்கே இருக்கிறதோ அங்கே விரல் போகும். அவளுக்கு வழிகாட்டுவது எழுத்து, எனக்கு இடம். எழுத்தை மட்டும் இடம் மாற்றிவிட்டால் யார் விழுவார்கள்?

பரீட்சையன்று காலையில் கூட்டுகிற ஆயா வருவதற்கு முன்னால் ஆபீஸுக்குப் போனேன். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு சின்னக் கத்தி. கத்தியைச் சூடு காட்டி வில்லையின் அடியில் செருகினால் அரக்கு இளகும். 'கி'யும் 'கு'வும் பக்கத்துப் பக்கத்துக் கீ. 'ந'வும் 'நி'யும் அப்படியே. அவசரத்தில் பார்க்கிற கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும். நாலையும் எடுத்து, ஜோடி ஜோடியாக மாற்றி ஒட்டினேன். அவள் சொன்ன மாதிரியே ஒன்று கொஞ்சம் ஆடியது. அதற்கு அரக்கைக் கூட வைத்து அழுத்தினேன்.

அவளைத்தான் முதலில் உட்காரவைத்தார்கள். நீலச் சேலை, தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். நகத்தில் சாயமே இல்லை, எதைப் போட்டுத் தேய்த்தாளோ. ஜப்பான்காரர் சொல்ல ஆரம்பித்தார். அவள் அடித்தாள். மூன்றாவது வரியில் கை நின்றது. நடுவிரலால் ஒரு வில்லையை லேசாக அசைத்துப் பார்த்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, மண் லாரி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். அவள் மறுபடி குனிந்து அடித்தாள். தாளில் விழுவதைப் பார்த்துத் திருத்தலாமே என்றால், தாளில் விழுவது ஜப்பான் எழுத்து. அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுத்தே தெரியாமல் அடிக்கலாம் என்பதுதானே என் கண்டுபிடிப்பின் பெருமை.

அடுத்து நான் உட்கார்ந்தேன். மாற்றி ஒட்டின அதே மெஷினில்தான், கீயைப் பார்க்காமல் அடித்தேன். அதைத்தான் முக்கியமாகத் திட்டம் போட்டிருந்தேன். என் பக்கம் சுத்தமாக இருந்தால், மெஷினில் கோளாறு இல்லை என்பதற்கு அந்தப் பக்கமே சாட்சி.

ஜப்பான்காரர் அவள் தாளை எடுத்துச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட ஆரம்பித்தார். போட்டுக்கொண்டே போனார். பாதியில் அலுத்துப்போய்ப் பென்சிலை வைத்துவிட்டு, நாலாக மடித்து வாளியில் போட்டார். மேனேஜர், "என்னம்மா, இங்க என்ன பூவா வரையிற?" என்றார். ஹெட் கிளார்க் தன் பங்குக்கு, "அவங்கவங்க எடத்துல அவங்கவங்க இருக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னை எலிப்பொட்டு என்று சிரித்த அதே வாய்கள். நானும் சிரித்தேன். அவள் வாளியைப் பார்த்தாள், பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பூப் பிரிவுக்குப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் நான் நாலு வில்லைகளையும் பழையபடி மாற்றி ஒட்டினேன்.

ஐந்தாவது வீட்டைத்தான் கொடுத்தார்கள். அம்மா குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். அப்பா முதல் தடவையாகக் காலை நீட்டிப் படுத்தார். உறுத்தவில்லையா என்றால், உறுத்தவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன். இடப்பக்கமும் வலப்பக்கமும் யாரும் இல்லாமல் தூங்குவது எவ்வளவு சுகம் என்று ஏழு பேரோடு படுத்தவர்களுக்குத்தான் தெரியும். சமையல்கட்டு ஜன்னல் மட்டும் திறக்கவே இல்லை. அப்பா தோளால் முட்டிப் பார்த்தார், தம்பி சுத்தியலால் தட்டிப் பார்த்தான். புகையில் அம்மா இருமிக்கொண்டே சமைத்தாள்.

சூளை முடிந்து ஜப்பான்காரர் கிளம்பினார். மெஷின் பழையபடி வேண்டும் என்று ஸ்க்ரூடிரைவரால் வில்லைகளை நெம்பினார். பாதி உடைந்தது. உடைந்ததும் உடையாததும் அதே வாளிக்குப் போனது. எனக்கு அதன்பிறகு ஜப்பான் வேலையே இல்லை, ஆனால் பெர்மனன்ட் பெர்மனன்ட்தானே. அடுத்த வருஷம், புதுச் சூளையோடு ஒட்டுப் பூவும் வந்தது. காகிதத்தில் அச்சடித்த பூவைத் தண்ணீரில் நனைத்துக் கப்பில் ஒட்டிச் சுட்டால் முடிந்தது வேலை. கையால் பூப் போடுகிற பிரிவை மூடிவிடுவதாக மேனேஜர் சொன்னார். பதினோரு பேருக்கும் தனித்தனியாக வேலை நீக்க ஆர்டர். அடித்தது நான். தமிழ் மெஷினில், முதலில் புள்ளி, பிறகு எழுத்து, விரலுக்குப் பழகின வழி. அவள் பெயர் ஏழாவதாக வந்தது. மற்றதைப் போலவே அதையும் அடித்தேன்.

வாங்கிக்கொள்ள ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சிலர் அழுதார்கள், ஒருத்தி என்னைச் சபித்தாள். அக்கா கடைசியில் வந்தாள். நின்றபடியே முழுவதையும் படித்தாள்.

"ஒரு தப்பும் இல்ல" என்றாள். "நல்லா அடிச்சிருக்க."

நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். அவள் உட்காராமல் குனிந்து போட்டாள். அதே கொம்பு, அதே சுழி.

"அன்னைக்கு ஆடுச்சு" என்றாள், பேனாவை மூடிக்கொண்டே. "கு எடத்துல கி. மூணாவது வரியிலயே வெரலுக்குத் தெரிஞ்சிபோச்சு."

மறுக்கலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் வேறு கேள்வி வந்துவிட்டது. "அப்பவே ஏன்க்கா சொல்லல?"

"எப்புடிச் சொல்றது? வில்லை மாறிப்போச்சுன்னா, ஒனக்கெப்புடித் தெரியும்னு கேப்பாங்க. பண்ணுனவ நான்னு மொதல்ல சொல்லணும். பண்ணுனது நீன்னுதானே விசிறியே வந்துச்சு."

அவள் ஆர்டரை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அண்ணன் வீட்டில் இனி அந்த மூலையும் இருக்குமோ என்னவோ, நான் கேட்கவில்லை. வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"அந்த ஜன்னலு தொறந்துச்சா?"

"இல்லக்கா. இன்னும் எறுகித்தான் கெடக்குது."

"சுத்தியால தட்டாதீங்க, சட்டம் பொளந்துரும். கீழ இருக்கிற சந்துல சோப்பத் தேச்சு ஒரு நாளு வுட்டுட்டு, மேல தூக்கித் தள்ளு" என்றாள். "போயிட்டு வரேன்."

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோப்பைத் தேய்த்தேன். மறுநாள் தூக்கித் தள்ளினேன், திறந்துகொண்டது. புகை எல்லாம் வெளியே போயிற்று. அம்மா இருமலை நிறுத்தி, ஆச்சரியமாகப் பார்த்து, இதை உனக்கு யாருடி சொன்னது என்று கேட்டாள்.

யாரும் சொல்லவில்லை, நானாகவே யோசித்தேன் என்றேன்.